தாப்கிகெனுக்கு விதித்த அபராதம்

கணவன் இறந்து ஆறு வருடம் கழித்து தாப்கிகென் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவளுடைய மூன்று மகள்களும் புகுந்த வீடு போய்விட்டார்கள். நிலத்துக்கும் மாடுகளுக்கும் ஆண் வாரிசு இல்லை. கென்யாவின் நந்தி இனத்தாரிடம் இதற்கு வழி உண்டு; வாரிசுக்காக ஒரு பெண்ணே இன்னொருத்திக்குக் கணவன் ஆகலாம். பெண் வீட்டுக்குப் பரிசமாக மாடுகளை ஓட்டிவிட்டு, ஜெலகட் என்ற இளம்பெண்ணைக் கூட்டிவந்தாள். அன்றிலிருந்து தாப்கிகென் ஆண். முதுகில் விறகு சுமப்பதை விட்டாள். கூட்டங்களில் ஆண்களோடு உட்கார்ந்தாள். ஜெலகட் யாரால் கருவுற்றாலும் பிள்ளைக்கு அப்பா தாப்கிகென்தான்.

இது பிடிக்காதவன் இறந்தவனின் தம்பி கிப்லெல். வாரிசு இல்லையென்றால் நிலம் அவன் மகன்களுக்கு வரும். ஊரே அவளை ஆணாக ஒப்புக்கொண்ட பிறகும் அவன் ‘அண்ணி’ என்றே கூப்பிட்டான்.

ஜெலகட்டுக்கு வலி கண்டது ஒரு சந்தை நாளில். விடியலிலிருந்து மழை. கிமோண்டி ஆற்றில் வெள்ளம். மருத்துவச்சியும் சந்தைக்குப் போன பெண்களும் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். பிரசவ வீட்டுக்குள் ஆண் நுழையக் கூடாது. தாப்கிகென் வாசலில் நனைந்துகொண்டு நின்றாள்.

“ஏங்க, யாராவது வந்தாங்களா?” உள்ளிருந்து ஜெலகட் கத்தினாள்.

“ஆறு வடியட்டும். பல்லைக் கடிச்சிக்கோ.”

“அதுக்குள்ள நான் செத்துருவேன்! மூணு பெத்தவங்கதானே நீங்க? உள்ள வாங்களேன்!”

போனால் என்ன பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். எவன் பேசுவான் என்பதும் தெரியும். அடுத்த அலறலில் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நிதானமாக எடுத்துவிட்டாள். பெண் குழந்தை. மழையில் பிறந்ததால் ஜெரோப் என்று கூப்பிட்டார்கள்.

ரத்தக் கையோடு அவள் வெளியே வந்ததை, வெள்ளம் வடிந்து சந்தையிலிருந்து திரும்பிய கிப்லெலின் மனைவி பார்த்துவிட்டாள். அடுத்த வாரமே ஊர்க்கூட்டம் கூடியது.

“பிரசவ வீட்டுக்குள்ள எந்த ஆம்பளையாவது போவானா?” என்றான் கிப்லெல். “அண்ணி போனாங்க. அப்ப அவங்க பொம்பளைதான். அந்தக் கல்யாணம் செல்லாது.”

பெரியவர் அராப் தெரிகின் தாப்கிகெனைப் பார்த்தார். “உள்ள போனது நெசமா?”

“நெசம்தான்.” அவள் எழுந்து நின்றாள். “ஆம்பளை போகக் கூடாத எடத்துக்குப் போனேன். தப்புதான். என்ன அபராதமோ விதிங்க.”

கிப்லெல் துள்ளினான். “அபராதமா? பொம்பளை பிரசவம் பாத்ததுக்கு எவனாவது அபராதம் போடுவானா?”

“போட மாட்டான். அது குத்தமே இல்லையே,” என்றார் அராப் தெரிகின். “குத்தமில்லேன்னா எங்களை எதுக்குடா கூப்பிட்ட? குத்தம்னா உள்ள போனது ஆம்பளை. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கிப்லெல் உட்கார்ந்துவிட்டான்.

தீட்டுக் கழிக்க ஒரு கொழுத்த செம்மறியும் ஒரு பானை பீரும் தர வேண்டும் என்று தீர்ப்பானது. தாப்கிகென் தலையாட்டினாள்.

செம்மறியை வெட்டிய அன்று கிப்லெலும் சாப்பிட வந்தான். எலும்பைக் கடித்துக்கொண்டே, “பொறந்தது பொண்ணுதானே,” என்றான்.

“நாங்க என்ன கெழடாயிட்டோமா?” என்றாள் தாப்கிகென்.

மூன்றாவது வருடம் ஜெலகட்டுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவளுடைய நிலத்தின் மேற்கு ஓரத்தில் அதுவரை மேய்த்துவந்த தன் மாடுகளை, யாரும் சொல்லாமலே, கிப்லெல் ஓட்டிக்கொண்டு போனான்.