செதிலரசனின் சாவுக் காட்சி

அந்தக் கேளிக்கைப் பூங்காவில் செத்துக் கிடப்பதற்கு அவனை விட்டால் வேறு ஆள் கிடையாது. பேய் வீட்டின் மூன்றாவது அறையில், சவப்பெட்டிக்குள், பதினெட்டு வருஷம் படுத்துக் கிடந்தவன். இமை ஆடாது, மூக்கு விடைக்காது. ஈக்கள் அவன் நெற்றியில் வந்து இறங்கி, கல்யாணம் கட்டி, பேரன் பேத்தி எடுத்து, சாவகாசமாகப் பறந்து போயின. ஒருமுறை குடும்பத்தோடு வந்த போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார். வெளியே வந்து, "வீட்டுக்குச் சொல்லி விட்டாச்சா?" என்று டிக்கெட் கிழிக்கிறவளிடம் கேட்டார்.

டிக்கெட் கிழித்தவள் அவனுடைய அண்ணன் பெண்டாட்டி. அவன் "அண்ணி, அண்ணி" என்று நாள் முழுக்கக் கூப்பிட்டதில் பூங்காவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். அவளைவிடப் பத்து வயது மூத்த மேலாளரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார். அவனுக்கு எல்லாரும் வைத்த பெயர் பிணம். "பிணம் சாப்பிட்டாச்சா?", "பிணத்துக்கு இன்னிக்கு லீவு" என்று சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் தூங்க மாட்டார்கள்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். அண்ணி ஆட்களை அறைக்குள் அழைத்து வரும்போதெல்லாம், உதடு அசையாமல், அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதாவது சொல்லிவிடுவான். "அண்ணி, ரெண்டாவதா நிக்கிறவரோட விக்கு பின்பக்கம் முன்னாடி வந்திருக்கு." அவள் சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக் கடித்து, உள்ளே தழும்பே விழுந்துவிட்டது. "உன்னை உசிரோட எரிக்கணும்டா" என்பாள் அவளும், உதடு அசையாமல்.

அப்புறம் படக் கம்பெனி வந்தது.

நாலு பாகம் ஓடி உலகத்தை வாரிச் சுருட்டிய படம். கடலிலிருந்து எழுந்து வருகிற செதிலரசன் என்கிற ராட்சசன்தான் அதில் எல்லாம். பேய் வீட்டை நாலே நாளில் தரைமட்டமாக்கினார்கள். ஐந்தாம் நாள் பார்த்தால் பூங்கா முழுக்கச் செதில். குப்பைத் தொட்டிக்கு வால் முளைத்தது. கழிப்பறைக் கதவுக்குச் செவுள் முளைத்தது. குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் பின்னணி இசை கொட்டியது.

வருகிற கூட்டமும் வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் பயப்பட வந்தார்கள். எது வரும் என்று தெரியாமல் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் ஒளிந்துகொண்டு வந்தார்கள். இப்போது வருகிறவர்கள் சரிபார்க்க வருகிறார்கள். ஏழு வயசுப் பெண் ஒருத்தி, செதிலரசனைச் சுற்றி ஒரு வலம் வந்து, இடுப்பில் கை வைத்து, "ரெண்டாம் பாகத்துல வால் இடது பக்கம்தானே வளையும்? இது டூப்ளிகேட்" என்று தீர்ப்புச் சொன்னாள். மறுநாளே வாலை மாற்றித் தைத்தார்கள்.

படக் கம்பெனி கொடுத்த விதிப் புத்தகத்தைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அதில் மூன்று விதிகளை மட்டும் தினமும் காலையில் வரிசையில் நின்று ஒப்பிக்க வேண்டும். பார்வையாளர் கண்ணெதிரில் தலையைக் கழற்றக் கூடாது. செதிலரசன் பேசக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு செதிலரசன்கள் யார் கண்ணிலும் படக் கூடாது. மூன்றாவது எதற்கென்றால், உடுப்பு நாலு, உள்ளே போகிற ஆளும் நாலு. ஆனால் உலகத்துக்குச் செதிலரசன் ஒருவன்தான்.

அந்த நாலு பேரில் பிணமும் ஒருத்தன். உடுப்புக்குள்ளிருந்து பார்த்தால் வாய்க்குள் இருக்கிற சல்லடை வழியாக எதிரே ஒரு முழம்தான் தெரியும். அதனால் ஆளுக்கொரு துணையாள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். அவனுக்குத் துணையாள், வேறு யார், அண்ணிதான். சல்லடை வழியாகவும் அவன் வாய் ஓயவில்லை. "அண்ணி, யானையை உள்பனியனாப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு."

தலைக்குள் முதலில் ஒரு சின்ன மின்விசிறி இருந்தது. உள்ளங்கை அகலம்தான், ஆனாலும் காற்று காற்றுதானே. யாரோ ஒரு ரசிகர் எடுத்த வீடியோவில் அதன் 'கிர்ர்' சத்தம் பதிவாகிவிட்டது. 'கடலின் அரசனா, மேஜை ஃபேனா?' என்று ஊர் உலகமெல்லாம் சிரித்தது. அடுத்த வாரமே உத்தரவு வந்தது. காட்சி நேரத்தில் விசிறி ஓடக் கூடாது.

"காட்சி இருபது நிமிஷந்தானே அண்ணி" என்றான் அவன். "சவப்பெட்டில ஃபேன் வெச்சா படுத்தேன்?"

ஐந்தாம் பாகம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. அதில் செதிலரசன் செத்துப் போகிறான். அன்று முதலே பூங்காவின் நடுச்சதுக்கத்தில் மணிக்கு ஒரு தரம் அவன் சாக வேண்டும் என்று ஏற்பாடு. கதாநாயகி ஈட்டியால் குத்துவாள். அவன் விழ வேண்டும். நாலு நிமிஷம் சோக இசை. அந்த நாலு நிமிஷமும் கூட்டம் வரிசையாக வந்து செத்தவனோடு படம் எடுத்துக்கொள்ளலாம்.

பிணம் குதித்தான். "அண்ணி, நாலு பாகமா உறுமினதுக்குப் பலன் கிடைச்சிருச்சு. கடைசில என்னைச் சாகச் சொல்லிட்டாங்க!"

முதல் காட்சி ஒரு மணிக்கு. அவன் விழுந்த அழகில் பெரியவர் ஒருவர் அழுதே விட்டார். சல்லடை வழியாக ஐந்து கிண்டல் வந்தது; அண்ணி எண்ணினாள். இரண்டு மணிக் காட்சியில் ஒன்றே ஒன்றுதான். "உள்ள குக்கர் மாதிரி இருக்கு அண்ணி. மூணாவது விசிலுக்கு இறக்கிடுங்க."

"தண்ணி குடிச்சியாடா?"

"குடிச்சது எல்லாம் செதில் வழியா வெளிய வந்துருச்சு."

மூன்று மணிக்கு வெயில் சதுக்கத்தின் கல் பாவிய தரையில் தோசைக்கல் மாதிரி கிடந்தது. ஈட்டி தொட்டதும் அவன் விழுந்தான். அப்படி ஒரு விழுகை! முன்னே சாய்ந்து, ஒரு நொடி நின்று, பக்கவாட்டில் சரிந்து, வால் ஒருமுறை தரையில் அடித்து அடங்கியது. கைதட்டல் மேகம் வரைக்கும் போனது. இசை ஆரம்பித்தது. அண்ணி வரிசையைச் சரிசெய்தாள். "வாலை மிதிக்காதீங்க சார். பாப்பாவை மேல உக்கார வெக்காதீங்க." பாப்பாவை மேலே உட்கார வைத்துத்தான் படம் எடுத்தார்கள்.

அவள் சல்லடைப் பக்கம் நின்றாள், கிண்டலுக்குக் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு. ஒன்றும் வரவில்லை. தொழிலில் அவ்வளவு மூழ்கிவிட்டானாக்கும் என்று நினைத்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குனிந்து, உதடு அசையாமல், "டேய், இப்ப வந்தவர் மேல அடிச்ச சென்ட்டுக்கு நீ எழுந்து ஓடியிருக்கணும்" என்றாள். பதில் இல்லை.

இசை நின்றது. வழக்கமாக அவன் சுண்டு விரலை அசைப்பான். அவள் கைகொடுத்துத் தூக்குவாள். விரல் அசையவில்லை. அவள் சல்லடைக்குள் இரண்டு விரலை விட்டாள். அடுப்பு வாய் மாதிரி அனல். உள்ளே எங்கேயோ, தொண்டை அடைத்த குறட்டை மாதிரி ஒரு சத்தம். பதினெட்டு வருஷம் அவன் சாவைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். இந்தச் சத்தம் அதில் இருந்ததே இல்லை.

வாக்கிடாக்கியை எடுத்தாள். மறுமுனையில் தள மேற்பார்வையாளர். அந்தக் கருவி எந்நேரமும் காதிலேயே ஒட்டிக் கிடப்பதால் அவருக்குப் பெயரே வாக்கி.

"சார், அவன் பேசல."

"பேசக் கூடாதுன்னுதானே அண்ணி விதி?"

"மயக்கம் சார். தலையைக் கழட்டறேன்."

"ஐயையோ, கை வெச்சுடாதீங்க! படக் கம்பெனிலேருந்து சரிபார்க்க வந்த அம்மா கூட்டத்துலதான் நிக்கிறாங்க. ஸ்ட்ரெச்சர் வருது. உள்ள கொண்டு போய்க் கழட்டிக்கலாம். ஒரு நிமிஷம்."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்தது. தூக்கி வந்த இருவரும் படத்தில் வருகிற கடல் வீரர்களின் கவசத்தில் இருந்தார்கள். கூட்டம் இதையும் ஐந்தாம் பாகத்தில் சேர்த்துக்கொண்டு கைதட்டியது. உடை மாற்றும் கட்டிடம் தெருவுக்கு அந்தப் பக்கம். எட்டிப் பிடித்தால் முப்பது அடி. தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. மூன்றரை மணி ஊர்வலம் முன்கூட்டியே கிளம்பிவிட்டது. ஊர்வலத்தின் கடைசியில், தூரத்திலேயே தெரிகிற மலைபோல நடந்து வந்தது இன்னொரு செதிலரசன்.

"கயித்தை அவுத்து விடுங்க சார்!"

"எப்படி அண்ணி? அங்க ஒண்ணு நடக்குது, இங்க ஒண்ணு செத்துக் கிடக்குது, ரெண்டையும் ஒரே ஃபோட்டோல எடுத்துட்டா? ஓரமா நிறுத்தி ஒரு துணி போடுங்க. ஊர்வலம் கடந்துரட்டும். ஒரு நிமிஷம்."

துணியைப் போட்டார்கள். துணிக்கு அடியில் அவள் கை அவன் பிடரியைத் தேடிப் போனது. இரண்டு கொக்கி, ஒரு ஜிப். கொக்கியில் விரல் இருந்தது. விரலில் பலம் இருந்தது. பலத்தைத் தடுத்துக்கொண்டு பதினெட்டு வருஷ வேலை இருந்தது. படக் கம்பெனி ஒப்பந்தம் போனால் பூங்காவில் வேலை செய்கிற நானூறு பேரும் வெளியே என்று தினமும் காலையில் கேட்டது இருந்தது. "ஒரு நிமிஷம்" என்றது வாக்கிடாக்கி. மேளம் வந்தது. "இதோ முடிஞ்சுது அண்ணி." மிதக்கும் கப்பல் வந்தது. "கடைசி வண்டி." கடைசி வண்டிக்குப் பின்னால் இன்னொரு கடைசி வண்டி வந்தது. அந்த ஊர்வலம் ஏழு நிமிஷம். அவளுக்கு ஏழு கல்யாணம் நடந்து முடிகிற நேரம் ஆயிற்று. குறட்டைச் சத்தம் இடைவெளி விட்டுவிட்டு வர ஆரம்பித்தது.

துணியை வீசினாள். கொக்கி இரண்டையும் தெறிக்க விட்டு, ஜிப்பை இழுத்து, தலையைப் பிடுங்கித் தரையில் உருட்டினாள்.

முகம் சாம்பலும் சிவப்புமாக இருந்தது. வியர்வையே இல்லை. சுற்றி நின்ற நூறு கைகளிலும் ஃபோன் உயர்ந்தது. "இது படத்துல இல்லையே" என்றான் ஒருவன்.

தெருவின் நடுவில் அந்த இன்னொரு செதிலரசன் நின்றுவிட்டான். ஒரு முழம் தெரிகிற சல்லடை வழியாக அவன் எதைப் பார்த்தானோ, இரண்டு கைகளையும் பிடரிக்குக் கொண்டுபோய்த் தன் தலையையும் கழற்றி எறிந்தான். உள்ளே இருந்த வழுக்கைத் தலையன் தொண்டை கிழியக் கத்தினான். "வழி விடுங்கய்யா! மனுஷன்யா அது!"

ஆஸ்பத்திரி வண்டியில் வாக்கியும் ஏறிக்கொண்டார். அவசரப் பிரிவு வாசலில் டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாகக் கேட்டார்: "நினைவு போய் எவ்வளவு நேரம்?"

"விழுந்த உடனே தூக்கிட்டோம் மேடம்" என்றார் வாக்கி.

"பதினொரு நிமிஷம்" என்றாள் அண்ணி. "நாலு நிமிஷம் நடிக்கிறான்னு நெனச்சேன். ஏழு நிமிஷம் தெரிஞ்சே நின்னேன். உடுப்போட, தலையோட, வெயில்ல."

டாக்டரம்மா அவளை ஒருமுறை பார்த்தார். உள்ளே போனார். கத்தரிக்கோலால் செதிலை வெட்டுகிற சத்தம் வெளியே கேட்டது.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், சொல்ல வேண்டியதை நின்றபடியே சொன்னார். வாக்கி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த ஏழு நிமிஷம் இல்லேன்னா?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "உறுதியா சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு இருந்தது."

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் பெண்டாட்டி, அண்ணியின் ஓர்ப்படியாள், மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தாள். வாக்கி அண்ணியின் காதருகே வந்தார்.

"உடனே தூக்கிட்டோம், முடியலன்னு சொல்லிடலாம் அண்ணி. அவங்களுக்கும் அதுதான் ஆறுதல். நான் வேணா பேசறேன்."

"நீங்க பேசினதெல்லாம் போதும் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மேல்படிக்கு வந்தவள் அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா?"

அண்ணி அவள் கையைப் பற்றிப் படியிலேயே உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"அவன் போயிட்டான்டி. எப்படின்னு முழுசா சொல்றேன். கேட்டுட்டு என்னை என்ன பண்ணணுமோ பண்ணிக்கோ. ஆனா நடுவுல எழுந்து போயிடாத."