ஒரு வீட்டுக்கு மட்டும் எண்ணெய்

காகித ஆலை மூடிய பிறகு வந்த இரண்டாவது குளிர்காலம் அது. மெர்சர் ஃபால்ஸ் ஊரில், மாதா கோயிலின் நிலவறையில், 'அயலார் அலமாரி' நடந்துகொண்டிருந்தது. வியாழன்தோறும் மாவு, பீன்ஸ் டப்பா, கடலை வெண்ணெய் எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டு, இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். ஆலை ஓடிய நாளில் ஊரே கொடுத்தது. பத்துப் பேர் வாங்கினார்கள். இப்போது கொடுத்தவர்களே வரிசையில் வந்து நின்றார்கள். அலமாரியை நடத்திய ஜெனின் மிஷோ முப்பது வருஷம் ஆலைச் சாப்பாட்டுக்கூடத்தில் சூப் ஊற்றியவள். வரிசையில் யாருக்கு வெங்காயம் ஆகாது என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. முன்பின் தெரியாதவர்களாக இருந்தால் இத்தனை கஷ்டம் இருந்திருக்காது.

அலமாரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. வீட்டைச் சூடாக்கும் கணப்புக்கு எண்ணெய் தீர்ந்துபோன வீடுகளுக்கு ஒரு தடவை தொட்டியை நிரப்பிக் கொடுப்பார்கள். ஜனவரி முடிவதற்குள் அந்தக் கையிருப்பு ஒரே ஒரு வீட்டுக்குக் காணும் அளவுக்கு வந்துவிட்டது. எண்ணெய்க்காரர் நூறு கேலனுக்குக் குறைந்தால் வண்டியை எடுக்கமாட்டார் என்பதால் பாதிப் பாதி என்ற பேச்சுக்கே இடமில்லை. கேட்டுக் கடிதம் எழுதியதோ இரண்டு வீடு: ஹூவிட் குடும்பம், தனியாக இருந்த ரோசேர்.

"ஹூவிட் வீட்டுக்குக் குடுத்துடு," என்றாள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த டாட் பெல்கி. "ரெண்டு சின்னதுங்க இருக்கு. சின்னவளுக்கு நெஞ்செல்லாம் சளி. இதுல யோசிக்க என்ன கெடக்கு?"

"ரோசேருக்கு எழுபத்தெட்டு வயசு, டாட்."

"அப்ப எழுபத்தெட்டு குளிரப் பாத்தவரு. அந்தப் பொண்ணு இப்பதான் ரெண்டாவதப் பாக்குறா."

ஜெனினுக்கு மனசு கேட்கவில்லை. ரோசேர் அவளுடைய செத்துப்போன கணவனோடு ஒரே இயந்திரத்தில் வேலை பார்த்தவர். நேரில் பார்த்துவிட்டு வருவோம் என்று மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் மேல்கோட்டோடு நின்றார்.

"வெளிய கெளம்பிட்டீங்களா?"

"ஆமாம்மா, கடைப்பக்கம் போலாம்னு."

காலில் வீட்டுச்செருப்பு. ஜெனின் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"எண்ணெய் விஷயமா வந்தியா? அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போடு. ஏதோ ஒரு கோவத்துல எழுதிட்டேன். பின்னால மலை மாதிரி வெறகு கெடக்கு, பாரு. பிள்ளைங்க இருக்கற வீட்டுக்குக் குடு."

அடுக்களை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கொல்லையில் நீலத் தார்ப்பாய் போர்த்திய ஒரு குவியல், மார்பு உயரத்துக்கு, அதன்மேல் பனி. முழங்கால் வரை பனி கிடந்தது, அவளுக்கோ மூட்டுவலி. போய்த் தூக்கிப் பார்க்காததற்கு அதைத்தான் காரணமாகத் தனக்குச் சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் இருந்த காரணம் வேறு. அது விறகாக இருந்துவிட்டால் தலையிலிருந்து பாரம் இறங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் ஹூவிட் வீட்டுக்குப் போயிற்று. கிரிஸ்டா ஹூவிட் ஓடிவந்து ஜெனினைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உயிர் இருக்கற வரைக்கும் மறக்கமாட்டேங்க," என்றாள்.

பதின்மூன்று நாள் கழித்து, வியாழன் நண்பகலில், கிரிஸ்டா நிலவறைக்கு வந்தாள். வரிசையில் நிற்கவில்லை. வாசலில் கூரைவரை சாமான் ஏற்றிய கார் நின்றது. பின்னிருக்கையில் மெத்தைச் சுருளுக்கு நடுவே இரண்டு குழந்தைகள்.

"நாங்க கெளம்புறோம், மிஸஸ் மிஷோ. தெற்க, கோழி வெட்டற ஃபாக்டரில என் வீட்டுக்காரர் டரெலுக்கு வேலை கெடைச்சிருக்கு. இங்க வீட்டை பேங்க்ல எடுத்துக்கிட்டாங்க. காலையில வந்து பூட்டிட்டாங்க."

"எண்ணெய்?"

கிரிஸ்டா தரையைப் பார்த்தாள். "முக்கால் தொட்டி அப்படியே கெடக்கு."

"எங்ககிட்டக் கேக்கும்போதே உனக்குத் தெரியுமா?"

"வீடு போயிரும்னு தெரியும். எப்பன்னு தெரியாது. வசந்தம் வரைக்கும் விட்டுவெப்பாங்கன்னு நெனச்சேன். புள்ள நீலம் பாரிச்சுப் போய் இருமினா. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

ஜெனின் வழிக்கு இரண்டு டப்பா கடலை வெண்ணெய் எடுத்துக் கொடுத்தாள்.

அன்று பிற்பகல் முழுக்கத் தொலைபேசியில் கழிந்தது. ஒரு தொட்டியில் ஊற்றியதை இறைத்து வேறு வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்றார் எண்ணெய்க்காரர். வங்கியில் யாரோ ஒரு பெண் வெகுதூரத்திலிருந்து மரியாதையாகப் பேசினாள். தொட்டியும் அதில் இருப்பதும் வீட்டோடு சேர்ந்தவை என்றாள். ஆளில்லாத அந்த வீட்டுக் குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடிக்காமலிருக்க, கணப்பை வங்கிக்காரர்களே மெல்ல ஓடவிட்டிருந்தார்கள். காலி வீடு ஒன்று ஊரின் எண்ணெயில் குளிர் காய்ந்துகொண்டிருந்தது.

மறுவாரம் தபால்காரி ரோசேரைக் கண்டாள். பெட்டியில் மூன்று நாள் கடிதம் கிடக்கவும் கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். குழாய் வெடித்து அடுக்களைத் தரை பனிக்கட்டியாகக் கிடந்தது. ரோசேர் கதவைத் திறந்துபோட்ட ரொட்டி அடுப்புக்கு முன்னால் நாற்காலியில், எல்லாக் கம்பளியையும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உயிர் இருந்தது. இடது காலில் குளிரில் உறைந்து கெட்டுப்போன மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

ஜெனின் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"வெறகு இருக்குன்னு சொன்னீங்களே, ரோசேர்."

"அது பழைய டயருங்கம்மா." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "பிள்ளைங்க இருக்கற வீடாச்சே, எப்படி எனக்குக் குடுன்னு வாயத் தொறந்து கேப்பேன்? ஆனா நீ போய்த் தூக்கிப் பாப்பேன்னு நெனச்சேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். ஜெனின் அவர் கையைப் பிடித்தபடி பார்வையாளர் நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு மகள் வந்து அவரை வேறு மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போனாள். அவர் வீடு பூஞ்சை பிடித்து, வாங்க ஆளில்லாமல் நிற்கிறது.

அதற்குப் பிறகு, உதவி கேட்டவர் யார் வீட்டுக்குப் போனாலும் ஜெனின் ஒன்றையும் விடவில்லை. குளிர்பெட்டியைத் திறந்தாள், தொட்டியைத் தட்டினாள், குழந்தைகளின் படுக்கையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொருவர் சொல்லாமல் விட்டது தன் கண்ணுக்குத் தப்பிவிடக் கூடாது என்று பயந்தாள். ஆனால் வீட்டுக்காரர்களுக்கு அது அப்படித் தெரியவில்லை.

"ஊர்ல என்ன பேசிக்கறாங்க தெரியுமா?" என்றாள் டாட், மார்ச் மாத வியாழன் ஒன்றில். "ஒரு பெட்டி பீன்ஸுக்கு ஜெனின் போலீஸ்காரி மாதிரி வீட்டைக் கொடையறான்னு."

"அவங்க ஒளிச்சு வெக்கறாங்க, டாட்."

"வெக்கட்டுமேடி. அவங்ககிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

அன்று எழுபது பெட்டி கட்டியிருந்தார்கள். நாற்பத்திரண்டுதான் போயிற்று. மீதியை ஜெனின் அலமாரித் தட்டுகளில் திரும்ப அடுக்கினாள். வராதவர்கள் ஒவ்வொருவரையும் அவளுக்குப் பெயரோடு தெரியும். அவர்களில் ஒருவருக்கும் வேலை கிடைத்திருக்கவில்லை.