இருபத்துநான்கு ஈக்கள், ஒரு சனிக்கிழமை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் வந்து விழுந்தது. அதுவும் இரண்டு தடவை, ஒரே வாரத்தில், ஒரே சமையலறையில். இரண்டு தடவையும் "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்ற நிபந்தனையோடு. நான் நிபந்தனையை மீறவில்லை. எழுதத்தான் செய்கிறேன், சொல்லவில்லை. (இந்த வாதம் வீட்டில் எடுபடாது என்று எனக்கும் தெரியும்.)

எப்படித் தொடங்குவது என்றுதான் ஒரு மாதம் போனது.

"ஆற்றின் மேல் மெல்லிய பனி படர்ந்திருந்த ஒரு காலையில்" என்று எழுதி நிறுத்திவிட்டேன். நான் அந்த ஆற்றைப் பார்த்ததே இல்லை.

"மனித வாழ்க்கையும் ஓர் ஊசிக் காதுதான், அதில் நாமெல்லாம்"

சே. இந்தக் கதையில் இன்னொரு முறை நான் ஊசிக் காதை வைத்து வாழ்க்கையை விளக்கினால், தாராளமாக மூடி வைத்துவிட்டுப் போய்விடுங்கள்.

2

விஷயம் சின்னது, அரிசி அளவு. மீன் பிடிக்கச் செய்த பொய் ஈ. குட்டித் தூண்டில் முள்ளில் இறகும் பட்டு நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்திருப்பார்கள். மீன் ஏமாந்து கடிக்கும். முள்ளின் தலையில் ஒரு காது உண்டு. அதற்குள் முடியைவிட மெல்லிய நைலான் நரம்பை நுழைத்து முடிச்சுப் போடவேண்டும். கடையில் விற்பவன் இதை இரண்டு நொடியில் செய்து காட்டுவான். அவனுக்கு வயது இருபது.

என் வீட்டில் இதைச் செய்யவேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா, நாற்பது வருஷம் தபால் பிரித்தவர். இன்னொருவர் என் மாமனார், முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவர். இருவருக்கும் துணை போய்ச் சேர்ந்தாயிற்று. முன்னறையில் ஒருவர், பின்னறையில் ஒருவர். வாரத்தில் ஆறு நாள் டிவி ரிமோட்டுக்காக, "நீங்க பாருங்க சம்பந்தி", "இல்ல சம்பந்தி, நீங்க பாருங்க" என்று மரியாதையாகவே சண்டை போடுவார்கள். அந்த மரியாதையைக் கேட்டால் காது கிழியும்.

ஏழாவது நாள் ஆற்றுக்குப் போவார்கள். காலை ஏழு மணிக்குப் போனால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் திரும்புவார்கள். அந்தப் பத்து மணி நேரம்தான் நான் எழுதும் நேரம். எனக்கு வேறு நேரம் கிடையாது. நீங்கள் இதுவரை படித்த ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு சனிக்கிழமை எழுதியது. அவர்கள் ஆற்றுக்குப் போவது நின்றால் இந்தக் கதையும் அங்கேயே நின்றுவிடும். பாதி வாக்கியத்தில் கூட.

3

என் கணவர் பாத்திரம் சரியாக வரவில்லை. திருத்தித் திருத்தி எழுதியும் வில்லனாகவே வருகிறார். நிஜத்தில் தங்கமான மனுஷன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்.

போன மழைக்காலத்தில் அப்பா ஆற்றுப் பாறையில் வழுக்கி விழுந்தார். மாமனார் இழுத்துக் கரை சேர்த்தார். சொட்டச் சொட்ட வந்து நின்ற இருவரையும் பார்த்து என் கணவர் பயந்துபோனார். நான் பார்த்தேன். அதனால்தான் கத்தினார்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். தன் ஈயைத் தானே கோக்கத் தெரிஞ்சவங்கதான் இனிமே ஆத்துக்குப் போகணும். கண்ணும் கையும் அந்த அளவுக்காவது இருக்கணும். இல்லையா, பேசாம வீட்ல உக்காருங்க."

"இது என்ன பெரிய விஷயம்!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

4

மறுநாள் காலை அப்பா சமையலறைக்கு வந்தார். தண்ணீர் குடித்தார். தாகம் இல்லாமலே இன்னொரு டம்ளர் குடித்தார். பிறகு விரல்களை என் முன்னால் நீட்டினார். மடங்க மாட்டேன் என்கின்றன.

"ஏம்மா, ஒரு டஜன் கோத்துக் குடுத்துடு. ஒரு சாண் நரம்போட, மறுமுனைல பெரிய சுருக்கா போட்டுடு. அங்க போய் நான் மாட்டிக்கிறேன். சம்பந்திக்குத் தெரிய வேண்டாம். அவர் கண்ணு கழுகுக் கண்ணு, மானம் போயிடும்."

அவர் போய் இரண்டு நாள் கழித்துக் கழுகு வந்தது.

"அம்மாடி, அந்த ஓட்டை எனக்கு ஓட்டையாவே தெரியல. கண்ணாடி போட்டா உன் புருஷன் பெரிசா பேசுவான். நீயே ஒரு டஜன் கோத்துடு. உங்கப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அவர் தபால் பிரிச்ச கை, எப்படி ஓடும் தெரியுமா!"

அப்பாவுக்கு நீல டப்பா, மாமனாருக்குச் சிவப்பு டப்பா. வெள்ளிக்கிழமை தோறும் இருபத்துநான்கு ஈ கோத்தேன். ஒரு வருஷம் ஓடியது.

(இங்கே விமர்சகர் ஒருவர் கேட்பார்: அப்பாவிடம் கண்ணாடி இருக்கிறதே? இருக்கிறது. மாப்பிள்ளை கொடுத்த கண்ணாடி தண்ணீரில் விழுந்துவிடும் என்று காரிலேயே வைத்துவிட்டுப் போவார். இது முக்கியம், மறந்துவிடாதீர்கள்.)

5

இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. வெட்கப்பட்டு எடுத்துவிட்டேன். எடுத்தால் கதை நிற்காது என்பதால் திருப்பி வைக்கிறேன்.

எனக்கும் தெரியவில்லை.

நாற்பத்தாறு வயது முடிந்ததும் கிட்டத்தில் உள்ளதெல்லாம் மங்கிவிட்டது. இந்தக் கதையை எவ்வளவு பெரிய எழுத்தில் தட்டுகிறேன் தெரியுமா? பக்கத்துக்கு ஒன்பது வரி. ஆனால் வீட்டில் "என் கண்ணுக்கு என்னங்க குறை" என்று இருபது வருஷமாக ஜம்பம் அடித்தவள் நான். கண்ணாடிக்காரர் பெண்டாட்டிக்கே கண்ணாடி தேவைப்படவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. இப்போது எந்த முகத்தோடு கேட்பது? கேட்டால், "எதுக்கு இப்ப?" என்று தொடங்கி, "அப்ப இத்தனை நாள் யார் கோத்தா?" என்றும் வருமே.

போன வெள்ளிக்கிழமை ஒரு ஈயோடு முக்கால் மணி நேரம் போராடினேன். நரம்பு காதுக்கு இடப்பக்கம் போகிறது, வலப்பக்கம் போகிறது, என் கட்டைவிரலுக்குள்ளே கூடப் போனது. காதுக்குள் மட்டும் போகவில்லை. அடப்போ என்று நரம்பை முள்ளின் கழுத்தில் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து ஒட்டிவிட்டேன். இருபத்துநான்கையும் அப்படித்தான். தூரத்தில் பிடித்துப் பார்த்தேன், அழகாகவே இருந்தது.

6

சனிக்கிழமை சாயங்காலம். அப்பா சமையலறைக்கு வந்தார். இரண்டு டம்ளர் தண்ணீர்.

"ஏம்மா, சம்பந்தி பாவம்."

"என்னப்பா ஆச்சு?"

"ஒவ்வொரு தடவை ஈ மாத்தறப்பவும் முதல் வீச்சிலயே அவர் ஈ தனியா கழண்டு போயிடுது. எனக்கு எட்டத்துல நல்லாத் தெரியுமே, பார்த்தேன். அவருக்குத் தெரியல. நாள் பூரா வெறும் நரம்பை வீசிட்டு நிக்கறார். சொன்னா மனசு ஒடிஞ்சிடும்னு நான் வாயைத் திறக்கல."

"நீங்க ஏதாவது பிடிச்சீங்களா?"

"எனக்கென்ன, ரெண்டு மாட்டிச்சு. அவருக்கு இல்லாதப்ப நான் மட்டும் பிடிச்சா நல்லாவா இருக்கும்? விட்டுட்டேன்." கதவு வரை போய்த் திரும்பினார். "அடுத்த வாரம் அவர் டப்பால நீயே நல்லதா நாலு கோத்துப் போட்டுடேன். அவருக்குத் தெரியாம."

கால் மணி நேரத்தில் மாமனார் வந்தார்.

"அம்மாடி, உங்கப்பாவை நினைச்சாத்தான்..."

நான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். அவர் சொன்னதை எழுத வேண்டியதில்லை. அப்பா சொன்னதில் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அவருக்கு மாட்டியது மூன்று என்றார். டிரைவர் அல்லவா, ஒன்று கூடத்தான் சொல்வார். கடைசியில் அவரும் கேட்டார்: "அவர் டப்பால நாலு போட்டுடு."

முதலில் சிரித்தேன். பிறகு பாத்திரம் கழுவும் சாக்கில் நன்றாக அழுதேன். பத்து மணி நேரம் இடுப்பளவு தண்ணீரில், மற்றவர் தூண்டிலில் ஒன்றுமில்லை என்று தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல், தன்னுடையதில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இரண்டு கிழவர்கள் நின்றிருக்கிறார்கள். நின்றது என் நகப்பூச்சினால்.

இனி ஒட்ட மாட்டேன். என்ன ஆனாலும் சரி.

7

முடிவுகள்.

(அ) உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கணவர் தடுத்துவிடுகிறார். கூடத்தில் ஏழு நாளும் "நீங்க பாருங்க சம்பந்தி". கதை இந்த வரியோடு

(ஆ) வேறு தெருவில், வேறு கடையில் ரகசியமாகக் கண்ணாடி வாங்குகிறேன். இது கற்பனை இல்லை, புதன்கிழமை போனேன். கடைக்காரர் எழுந்து நின்று, "வாங்க அண்ணி! அண்ணன் கடை இன்னிக்கு லீவா?" என்றார். சும்மா வந்தேன் என்று சொல்லி, ஒரு கண்ணாடி துடைக்கும் துணி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

(இ) என் கணவருக்கு எல்லாம் முன்னமே தெரியும், பேசாமல் வந்து உட்கார்ந்து அவரே கோத்துத் தருகிறார். எழுதும்போது எனக்கே பிடித்திருந்தது. நீங்களும் இதைத்தான் எதிர்பார்த்தீர்கள். அதனாலேயே அடித்துவிட்டேன். தவிர, அவருக்கு ஒன்றும் தெரியாது. ஊர்க் கண்ணையெல்லாம் பார்க்கிறவருக்கு வீட்டுக் கண்ணைப் பார்க்க நேரமில்லை.

8

இன்று வெள்ளிக்கிழமை. இந்த வாரம் மட்டும் சனிக்கிழமைவரை காத்திருக்க முடியவில்லை. மணி ஐந்தரை. ஆறு மணிக்கு அவர் கடையை மூடிக்கொண்டு வந்துவிடுவார். என் எதிரே வெள்ளைத் தட்டு, அதில் இருபத்துநான்கு ஈ. எப்படியோ மூன்றைக் கோத்துவிட்டேன். இருபத்தொன்று பாக்கி.

முன்னறையிலிருந்து அப்பா தாழ்ந்த குரலில், "அம்மா, ஆச்சா?" என்கிறார். பின்னறையில் ஒரு இருமல். அதற்கும் அதுதான் அர்த்தம்.

இந்தக் கதைக்கு முடிவு எழுத எனக்கு நேரமில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். நான் பெரிதாகத் தட்டியதை அச்சில் பொடிப்பொடியாகத்தான் போட்டிருப்பார்கள். அதை நீங்கள் இவ்வளவு தூரம், ஒரு வரி விடாமல் படித்துவிட்டீர்கள்.

கொஞ்சம் இப்படி வாங்க. ஜன்னல் பக்கமா உக்காருங்க, அங்கதான் வெளிச்சம். இந்தாங்க நரம்பு. நுனியை நாக்குல நனைச்சுக்குங்க. காது மேல்பக்கம் இருக்கும், எனக்குத்தான் தெரியல.

யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.