நாற்பத்து மூன்றாம் அடிக்குறிப்பு

மேடைக்குப் பின்னால் இருந்த ஒடுக்கமான அறையில், பரிசு வாங்க வேண்டியவள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் இருபது நிமிடம். வேளாண் சட்ட ஆய்வுக்கென்று வருடத்துக்கு ஒரே ஒருவருக்குத் தரும் விருது. சட்டக் கல்லூரியில் பதினாறு வருடம் குப்பை கொட்டியவளுக்கு முதல் தடவையாக ஒரு மேடை. காதில் போன். மறுமுனையில் குத்தகைக்காரர்.

"டீச்சரம்மா, தொந்தரவு பண்றேனா?"

"இல்லண்ணா. சொல்லுங்க."

"இன்னைக்குக் கோர்ட்ல நிலத்துக்காரரோட வக்கீல் ஒரு புஸ்தகத்தைப் படிச்சாரு. அட, நம்ம கதை மாதிரியே இருக்கேன்னு எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் பார்த்தா நம்ம வயல் நம்பரு. நான் உங்ககிட்ட சொன்னது ஒரு எழுத்து மாறல."

இருபத்திரண்டு வருடமாக அந்த வயலை வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு உழுகிறவர் அவர். துண்டுக் காகிதம் கிடையாது. அப்படிப்பட்டவரையும் சட்டம் காப்பாற்றும், ஒரே ஒரு நிபந்தனையோடு: தொடர்ந்து இரண்டு பருவம் பயிர் வைக்காமல் விட்டால் உரிமை போச்சு. மகளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த வருடம் அவர் இரண்டு பருவம் விட்டுவிட்டார். வேறு ஊரில் இருந்த நிலத்துக்காரருக்கு அது தெரியாது. அக்கம்பக்கத்து வயல்காரர்களுக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் உரமூட்டை மேல் உட்கார்ந்து ஒலிப்பதிவுக் கருவியை நீட்டியவளிடம் மட்டும் அவர் மனம்விட்டுச் சொன்னார். அந்த விதி அநியாயம், நோய்க்கு விலக்கு வேண்டும் என்றுதான் அவள் கட்டுரை எழுதினாள். 'ஒரு குத்தகைதாரர்' என்று பெயரைக் கூட மறைத்தாள்.

ஆனால் அதை வெளியிட்ட ஆய்விதழின் ஆசிரியர் விடவில்லை. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் அடிக்குறிப்பு ஐயா. "நம்பர் இல்லாத வயல் வெறும் கதைம்மா, ஆராய்ச்சி இல்ல" என்றார். பெயரைத்தான் மறைத்தாயிற்றே என்ற நிம்மதியில், நாற்பத்து மூன்றாம் அடிக்குறிப்பில் நில அளவை எண்ணைத் தட்டச்சு செய்தாள். நிலப் பதிவேட்டைப் புரட்டத் தெரிந்த எவனுக்கும் அந்த எண் ஒரு பெயர்தான் என்பது, சட்டம் கற்றுத் தருகிறவளுக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை.

"நாளைக்குக் காலைல கடைசி விசாரணை" என்றது போன். "நம்பர் தப்பா விழுந்துடுச்சு, அது வேற யாரோட வயலோன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தா... பொய்தாம்மா. தெரியும். நான் யார்கிட்டயும் இப்படிக் கேட்டதில்ல."

அந்த ஒரு வரியில் விருது போகும். வேலையும் போகலாம். ஆய்வில் பொய் எழுதியவள் என்ற பெயர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். முடிவெடுக்க அவளுக்கு அரை நிமிடம்தான் ஆனது. அது அவளுக்கே ஆச்சரியம்.

"எழுதித் தரேண்ணா."

தாழைத் திறந்தாள். வாசலிலேயே அடிக்குறிப்பு ஐயா. விருதுக் குழுவுக்கும் அவர்தான் செயலாளர்.

"ஐயா, நாற்பத்து மூணுல நம்பர் தப்பு. திருத்தம் போடணும். விருது எனக்கு வேண்டாம்."

அவர் சிரித்தார். "மேடை ஏறப் போறவங்க எல்லாருக்கும் வர்ற ஜுரம்மா இது. தப்பே இல்ல, நானே பதிவைக் கேட்டேன். நாலாவது நிமிஷத்துல அவரே வாயால நம்பரைச் சொல்றாரு."

"அந்தப் பதிவு இப்ப எங்க?"

"நூலகத்துல. மூலச் சான்றை யார் வேணும்னாலும் கேக்கலாம், அதானே விருதுக்கு விதி? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களே. போன வாரம் ஒரு வக்கீல் வந்து பிரதி வாங்கிட்டுப் போனாரு. உங்களுக்கு வாசகர்கள் கூடிட்டாங்கம்மா!"

மேடையில் பாராட்டுரை வாசித்தார்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் வயல் வரை சென்று ஆதாரம் காட்டிய நேர்மை என்றார்கள். கேடயத்தைக் கையில் திணித்தார்கள். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"நான் எழுதினதால ஒரு குடும்பம் நாளைக்கு வயலை விட்டு வெளியே போகப் போகுது."

அடுத்த விநாடி கூரை அதிரக் கைதட்டல். முன்வரிசையில் ஒரு முதியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட பேச்சு என்று பக்கத்தில் இருந்தவரிடம் தலையாட்டினார். அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அடுத்த நிகழ்ச்சியை அறிவித்துவிட்டார்கள்.

வெளிப் படிக்கட்டுக்கு வந்து அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நான் எழுதிக் கொடுத்தும் பிரயோஜனம் இல்ல. உங்க குரலே அவங்ககிட்ட இருக்கு."

"நான்தானே பேசினேன்" என்றார்.

"பேச வச்சது நான். நாளைக்கு நானே வந்து சாட்சி சொல்றேண்ணா. ஆஸ்பத்திரி விஷயம் எல்லாம் எடுத்துச் சொல்றேன்."

"வந்து என்ன சொல்வீங்க? உண்மையைத்தானே?"

அந்தப் பக்கம் இரும்பில் இரும்பு உரசியது.

"என்னண்ணா சத்தம்?"

"மோட்டாரைக் கழட்டறேன். அது ஒண்ணுதான் என் காசுல வாங்கினது. தீர்ப்பு வந்துட்டா தொட விடமாட்டாங்க. கொஞ்சம் இருங்கம்மா, கை தேவைப்படுது."

போனை வரப்பில் வைத்தார் போலிருக்கிறது, அணைக்கவில்லை. ஸ்பானர் வழுக்கியது. மறுபடி பிடித்தது. துருவேறிய மரை ஒன்று முனகிச் சுழன்று தகரத்தில் விழுந்தது. பிறகு இன்னொன்று. அவரது மூச்சிரைப்பு. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். குழாய் மூட்டு விலகும் சத்தம் வந்தது. உள்ளே தங்கியிருந்த தண்ணீர் மண்ணில் கொட்ட ஆரம்பித்தது. கொட்டிக்கொண்டே இருந்தது.