அம்மா கை காட்டியவன்

எங்க சலவைக் கடைக்கு எதிர்லதான் அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கேயிருந்து வர்ற படுக்கை விரிப்பெல்லாம் நாங்கதான் வெளுக்கிறோம். நான் பொறந்ததும் அங்கேதான். "உன் பிரசவத்து விரிப்பும் இதுல இருக்கும்டா, பார்த்துத் தேய்"னு அண்ணன் கிண்டல் பண்ணுவான். அவன் இங்க பொறக்கல. அம்மா அவனைக் கைக்குழந்தையா தூக்கிக்கிட்டு எல்லை தாண்டி வந்தவ.

இங்க பொறந்தவனுக்குத்தான் பள்ளிக்கூடம், வேலை, எல்லாம். என் பிறப்புச் சான்றிதழ்ல வெறுமனே ஆண் குழந்தைன்னுதான் இருந்துச்சு. அண்ணனைப் பள்ளிக்கூடத்துல சேர்க்க அம்மா அதுல அவன் பேரைப் போட்டுட்டா. ஒரு வயசுதானே வித்தியாசம், யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சிருக்கா. என் முறை வந்தப்போ என்னோடது தொலைஞ்சுபோச்சுன்னு அழுதே சமாளிச்சா. இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

இன்னிக்குக் காலையில ரெண்டு அதிகாரிங்க கடைக்குள்ள வந்து நின்னாங்க. ஆஸ்பத்திரிப் பதிவுல அம்மாவுக்கு ஒரே பிரசவம்தானாம்; இன்னொரு பிள்ளை எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க. அம்மாவுக்கு இங்க தங்குற அனுமதி இருக்காம்; ஆனா இங்க பொறக்காதவனை இப்பவே வண்டியில ஏத்தி நாடு கடத்தணுமாம்.

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை விரிப்பு மேலேயே விட்டுட்டான். துணி கருகுற வாடை அடிச்சுது. அண்ணி இடுப்புல இருந்த குழந்தை அவன்கிட்டத் தாவுச்சு. அவன் வாயைத் திறக்கிறதுக்குள்ள அம்மா என்னைக் கை காட்டினா.

"இவன்தான் மூத்தவன் சார். தூக்கிட்டு வந்தது இவனைத்தான்."

என் முகத்தைப் பார்க்கவே இல்ல. பாவி, பெத்தவளே சொன்னப்புறம் நான் என்னத்தைச் சொல்ல? ஒரு வார்த்தை பேசினா அண்ணன் போயிடுவான், அந்தக் குழந்தை அப்பன் இல்லாம நிக்கும். பேசலைன்னா நான் தொலைஞ்சேன்.

"நீதான் மூத்தவனா?"ன்னு அதிகாரி கேட்டார். தலையை ஆட்டினேன். அந்த நாட்டுல எந்த ஊர்ல பொறந்தேன்னு கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? அம்மாதான் ஊர்ப் பேரைச் சொன்னா. அதையே நானும் திருப்பிச் சொன்னேன்.

வண்டி வரைக்கும் அண்ணன் கூடவே வந்தான். இப்பவாவது உண்மையைச் சொல்லிடுவான்னு அவன் வாயையே பார்த்துக்கிட்டிருந்தேன். அழுதுகிட்டே என் சட்டைக் காலரைச் சரி பண்ணினான். அதிகாரி பக்கத்துலதான் நின்னார்.

"பார்த்துப் போங்கண்ணே"ன்னான்.