நாற்பது நொடி முன்னால்

தடுப்புக்கு இந்தப் பக்கம் முப்பது பேர் ஒரே குரலில் "அவுட்!" என்று கூவினார்கள். என் கை தானாகவே கோட்டுப் பைக்குள் சென்று சாவியைப் பற்றிக்கொண்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓசையே இல்லை. அங்கிருந்த திரையில் பந்துவீச்சாளன் இன்னும் ஓடிவரவே தொடங்கியிருக்கவில்லை. ஆனாலும் அங்கே அமர்ந்திருந்த இருபத்தாறு பேருக்கும் தங்கள் ஆட்டக்காரன் வீழ்ந்த செய்தி கிடைத்துவிட்டது. சரியாக நாற்பது நொடி கழித்து, காதால் கேட்டுவிட்டதைக் கண்ணாலும் காண நேர்ந்தவர்களின் நீண்ட முனகல் எழுந்தது.

எங்கள் பக்கத்து டிவிக்குக் கூரையில் டிஷ் இருந்தது. அவர்கள் பக்கத்துக்கு நாற்பது நொடி பிந்தி வரும் இணையம். வேற்றுமை அவ்வளவுதான். இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம் ஒன்று, இந்த இத்தாலிய ஊரின் மாதா கோயில் கூடம் ஒன்று, வசவுக்குக்கூட இரு தரப்புக்கும் பஞ்சாபி ஒன்றே. ஆகவே வீசப்பட்ட எந்த வசவும் பொருள் விளங்காமல் வீணாகவில்லை. ஆனால் நடுவே ஒரு மடிப்புத் தடுப்பு, இத்தாலிய மரத்தில் செய்தது, பூட்டுப் போட்டது. அந்தப் பூட்டின் சாவி என்னிடம் இருந்தது.

அது எளிதில் வந்த சாவி அன்று. சென்ற ஆண்டு இதே ஆட்டத்தின்போது என் கொழுந்தன் லக்வீரும், பாகிஸ்தானின் குஜ்ராத் மாவட்டத்து இல்யாஸும் ஒரு நாற்காலிக்காகக் கைகலந்து, அந்த நாற்காலியாலேயே ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். லக்வீருக்குப் பல் ஒன்று போயிற்று. இல்யாஸுக்குப் புருவத்தில் தையல். கூடத்துக்குப் போலீஸ் வண்டி. இருவரும் வேலை செய்வது ஒரே பண்ணையில். பால் கறக்கும் பள்ளத்தில், இரு வரிசை மாடுகளுக்கு நடுவே, முதுகோடு முதுகு உரச நிற்கிறவர்கள். அன்று முதல் ஓராண்டாக அவர்கள் பேசிக்கொண்டது மாடுகளோடு மட்டுமே. "இந்தச் செவலைக்கு மடி வீங்கியிருக்கே, பாக்கறவன் பாக்க மாட்டானா?" என்று ஒருவன் மாட்டிடம் கேட்பான். "பாத்தாச்சு, மருந்தும் போட்டாச்சு" என்று மற்றவன் வேறொரு மாட்டிடம் விடை சொல்வான்.

இந்த ஆண்டு பாதிரியார் தோன் எர்மான்னோ என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவியைத் தந்தார். தடுப்பு பூட்டியே இருக்க வேண்டும். இன்னொரு அடிதடி நடந்தால் கூடம் எங்களுக்கு இல்லை. கூடம் போனால் நான் நடத்தும் சனிக்கிழமை இத்தாலிய வகுப்பும் போகும். பதினொரு பெண்கள். எழுவர் எங்கள் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள், நால்வர் அந்தப் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள். இல்யாஸின் மனைவி ஷகுஃப்தா அவர்களுள் ஒருத்தி. நிரந்தரக் குடியிருப்புக்கான இத்தாலிய மொழித் தேர்வு மூன்று வாரத்தில் வருகிறது. தன் வயிற்றுவலியை மருத்துவரிடம் சொல்லப் பத்து வயது மகனை அழைத்துப் போகும் தாயை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை சொல்லக் கூசி விழுங்கிய சொல்லால் அவளுக்கு நோய் முற்றியதையும் பார்த்திருக்கிறேன். ஆண்கள் உடைக்கும் நாற்காலிக்குப் பெண்கள் தம் நாவைக் கொடுத்து ஈடுகட்ட வேண்டுமா? அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான், மகளிர் யாரும் வராத அந்தக் கூடத்தில், தடுப்பின் பூட்டுக்கு அருகே நான் ஒருத்தியாக அமர்ந்திருந்தேன்.

பாகிஸ்தான் இரண்டாவதாக ஆடிக்கொண்டிருந்தது. வெற்றிக்கு இன்னும் ஐந்து ஓவர், நாற்பத்தொரு ஓட்டம். அப்போதுதான் லக்வீருக்கு அந்த விபரீத யோசனை தோன்றிற்று. ஒன்றுமே நடக்காத ஒரு பந்துக்குக் கையுயர்த்திச் சாடை காட்டினான். முப்பது பேரும் "அவுட்! அவுட்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள்.

அந்தப் பக்கம் யாரோ தலையில் அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது. "போச்சு, கேப்டனும் போயிட்டான்" என்றது ஒரு குரல். நாற்பது நொடி போயிற்று. கேப்டன் போகவில்லை.

தடுப்பின் மேல் முதல் குத்து விழுந்தது.

"டேய் ஓட்டைப்பல்லா! ஆம்பளையா இருந்தா நேர்ல வந்து கத்துடா!" இல்யாஸின் குரல்.

"எங்களுக்கு நடந்து முடிஞ்ச கதை உனக்கு இப்பதான் வருது. உங்க டிவி என்ன, எருமை மேல ஏறி வருதா?" என்று திருப்பிக் கொடுத்தான் லக்வீர்.

கூடம் கொல்லென்று சிரித்தது. இரண்டாவது குத்தில் மேல்கீல் ஒன்று திருகிக்கொண்டு வெளியே வந்தது. பலகை சாய்ந்து, ஓர் அடி இடைவெளியில் இல்யாஸின் முகம் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் நாற்காலிகள் பின்னுக்குத் தள்ளப்படும் ஓசை. சென்ற ஆண்டும் அந்த ஓசையில்தான் தொடங்கியது.

கல்லூரி நாளில் ஜலந்தர் மேடைகளில் ஆயிரம் பேர் முன் பேசியவள் நான். எல்லைக்கோடு பற்றியும் ஏழைகளின் ஒற்றுமை பற்றியும் சொற்கள் நாவின் நுனியில் வந்து நின்றன. ஆனால் இல்யாஸின் கண்ணில் நான் கண்டது வெறி அன்று. அழுகைக்குப் பக்கத்தில் நிற்கும் ஒன்று.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க" என்றான். "தோத்தா தோத்துட்டுப் போறோம். அதை எங்க கண்ணால முதல்ல பாக்கக் கூடாதா? ஒவ்வொரு வாட்டியும் இவனுங்க வாயால கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

என்னிடம் படிக்கும் பெண்களை நினைத்தேன். தங்கள் செய்தியைப் பிறர் வாயால் கேட்டே வாழ்நாள் கழிக்கிறவர்கள். பிறகு பாதிரியாரின் தாளில் இட்ட கையெழுத்தை நினைத்தேன். பூட்டி வைத்தால் பலகை உடையும். திறந்தால் சொல் உடையும். பூட்டைத் திறந்தேன்.

"யாரும் அசையக் கூடாது!" என்றேன். அது மேடைக்குரல்தான்; அதற்கு மட்டும் பழைய பயிற்சி உதவியது. "நாற்காலி அத்தனையும் மடிச்சு வெளிய போகணும். ஒன்னுகூட உள்ள இருக்கக் கூடாது. செருப்பு, பூட்ஸ் எல்லாம் வாசல்ல. தரையில உக்காருங்க. குருத்வாராவில உக்கார்றீங்க, மசூதியில உக்கார்றீங்க, இங்க உக்காந்தா என்ன குறைஞ்சிடும்?"

"ஜில்லுனு இருக்கு அண்ணி தரை."

"பல்லு போனப்ப சூடா இருந்துச்சா லக்வீர்?"

சிரிப்பு இரு பக்கத்திலிருந்தும் வந்தது. ஐம்பத்தாறு பேர் எங்கள் பக்கத்து ஒரே டிவியின் முன் சம்மணமிட்டு நெருக்கி அமர்ந்தார்கள். அந்த நெருக்கத்தில் ஒருவன் கையை ஓங்க வேண்டுமானால் இருவரிடம் வழி கேட்க வேண்டும். தட்டுகள் தலைக்கு மேலாகக் கைமாறின. எங்கள் பக்கோடாவுக்கு அவர்களின் புதினாச் சட்னி வந்து சேர்ந்தது. லக்வீருக்கு நேர் முன்னால் இல்யாஸ், முதுகுதான் தெரிந்தது. அது அவனுக்குப் பழகிய முதுகு.

கடைசி ஓவர்களில் ஒருவரும் கத்தவில்லை. அப்போது வாசற்கதவு திறந்தது. தோன் எர்மான்னோ நின்றார், கையில் தொலைபேசி. திறந்து கிடந்த தடுப்பையும் தொங்கிய கீலையும் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"சிஞோரா ரூபிந்தர், சத்தம் கேட்டா எனக்குக் கவலையில்ல" என்றார் இத்தாலிய மொழியில், மெல்லிய குரலில். "திடீர்னு நின்னுபோச்சு. யாரையோ கொன்னுட்டீங்கன்னு நெனச்சேன்."

ஐம்பத்தாறு முதுகுகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவர் வெளியே அடுக்கியிருந்த நாற்காலிகளை எண்ணுவதுபோல் பார்த்தார். வாசலில் குவிந்து கிடந்த காலணிகளைப் பார்த்தார். பிறகு தொலைபேசியைப் பைக்குள் போட்டார்.

"கீலை நீங்க சரி பண்ணிடணும். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். சனிக்கிழமை வகுப்பு இருக்கில்ல?"

"இருக்கு, பாதர்" என்றேன். சுவரில் சாய்ந்துகொண்டேன்.

நாலரை மணி. இன்னும் ஆறு பந்து, ஒன்பது ஓட்டம். ஆனால் மாட்டின் மடிக்குக் கடைசி ஓவர் தெரியாது. மாலைக் கறவைக்கு ஆள் வேண்டும். இருவர் எழுந்தார்கள், இருவரும் ஒருவரையொருவர் பாராமல் எழுந்தார்கள். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், பின்னோக்கி நடந்து, வாசலில் கால்களால் துழாவிப் பண்ணை கொடுத்த பச்சை ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். ஒரே வண்டி புறப்படும் ஓசை கேட்டது.

கடைசிப் பந்து வீசி முடிந்து, கூடம் ஒரே கூச்சலாக வெடித்து, பாதி பேர் மீதி பேரின் முதுகில் ஏறிக்கொண்டிருந்த வேளையில் என் தொலைபேசி ஒலித்தது. லக்வீர். பின்னணியில் கறவை இயந்திரத்தின் சீரான துடிப்பு.

"அண்ணி, என்ன ஆச்சு? சீக்கிரம் சொல்லுங்க!"

"சொல்லாதீங்க டீச்சர்!" என்று இன்னொரு குரல் குறுக்கே பாய்ந்தது. "முதல்ல என் பூட்ஸைக் கழட்டச் சொல்லுங்க. வலது கால் என்னோடதைப் போட்டுட்டு வந்துட்டான். இவனோட சின்னக் கால் பூட்ஸுல என் விரல் செத்துப்போச்சு!"

"நீதான்டா மாத்திப் போட்ட!"

"இருங்கடா" என்றேன். "ரெண்டு பேரும் மாத்திக்குங்க. அப்பறம் சொல்றேன், ரெண்டு பேருக்கும் ஒன்னா."

அந்தப் பள்ளத்தை நான் அறிவேன். ஈரத்தரை, இரு பக்கமும் மாடு, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. ரப்பர் பூட்ஸைக் கழற்ற ஒற்றைக் காலில் நின்றே ஆக வேண்டும், நிற்பதற்கு எதையாவது பற்றியே ஆக வேண்டும். அங்கே பற்றுவதற்கு இருப்பது எதிரே நிற்பவனின் தோள் ஒன்றுதான்.

"இருடா, விழுந்துடாதே... பிடிச்சுக்கோ" என்றது யாருடைய குரல் என்று தெரியவில்லை. ரப்பர் உறிஞ்சி விடுபடும் ஓசை ஒன்று கேட்டது. நான் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, இரண்டாவது ஓசைக்காகக் காத்திருந்தேன்.