மேட்டைச் சுற்றி உழுதவர்

கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கிழவர் ஐனார் தம் முடிவைச் சொன்னார். தாம் இறந்தால், தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் மனைவி ஆஸ்தாவின் பக்கத்தில் வைக்க வேண்டாம். பெயர் குறிக்காமல் புதைக்கப்படுபவர்களுக்கான பொதுப் புல்வெளியில் சாம்பலைப் புதைத்தால் போதும். கல்லும் வேண்டாம், பிறகு வந்து களை பறிக்கும் தொல்லையும் எவருக்கும் வேண்டாம்.

"சரிப்பா, உங்க இஷ்டம்," என்றார் மகன் தோர்கில். ஒருவர் தமக்கென்று எடுத்த முடிவில் குறுக்கிடாமலிருப்பது டென்மார்க்கின் அந்த நாட்டுப்புறத்தில் மரியாதை. கிழவர் தலையசைத்தார். ரொட்டியை மட்டும் முடிக்கவில்லை.

தோர்கிலுக்கு அதன்பின் இருப்புக் கொள்ளவில்லை. டிராக்டரை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். வயலின் நடுவே, பழங்காலத்தார் தம் இறந்தவர்மேல் மண் சுமந்து குவித்த ஈமமேடு புல் மூடிக் கிடந்தது. அதன் அடியைக் கலப்பை தொடக்கூடாதென்பது சட்டம். தோர்கிலோ சட்டம் சொல்வதற்கும் மேலாகவே விலகி உழுவார். இன்று பாதி வளைவில் நிறுத்தினார், இறங்கினார், காரணமின்றி மீண்டும் ஏறினார்.

காப்பிக் குடுவையோடு வந்த அக்காள் இங்கெரிடம் காலையில் நடந்ததைச் சொன்னார். அவள் மேட்டை நோக்கித் தலையசைத்தாள்.

"உள்ள படுத்திருக்கிறது யாருடா, உன் மாமனா மச்சானா? மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால செத்த ஆளுக்கு வண்டியை வளைச்சு ஓட்டுற. பெத்த அப்பன் பேரே வேண்டாம்னா உடனே சரிங்கிற."

"அவருதானேக்கா கேட்டாரு."

"அம்மா கல்லறைக்கு நீ கடைசியா எப்போ போன? அதைப் பாத்துட்டுத்தான் கேட்டிருக்காரு."

தோர்கில் உழவைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். கொட்டகையில் ஐனார், ஆஸ்தாவின் கல்லறைச் சரளையைச் சீராக்கும் வாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, காலைல நான் யோசிக்காம சரின்னுட்டேன். நெசமா நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படுறீங்க?"

கிழவர் நிமிரவில்லை. "உங்கம்மா பக்கத்துலதான். நீ வேண்டாம்னு சொல்லுவன்னு நெனச்சேன்."

தோர்கில் வாரியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மாலையில், தாயின் கல்லறைச் சரளையைக் கோணலும் மாணலுமாக வாரியபடி, அருகில் நின்ற இங்கெரிடம் சொன்னார்:

"பாரமா இருக்க மாட்டேன்னு பெத்தவங்க சொன்னா, 'என்னைப் பாரம்னு நெனைக்கிறியா'ன்னு நம்மகிட்ட கேக்கிறாங்கக்கா. அதுக்குச் சட்டுனு சரின்னு தலையாட்டுறது மரியாதை இல்ல. அவங்களை உயிரோடவே புதைக்கிறது."